ஸ்பிரிங் பூட் செயலியோடு வேர்ட்பிரஸ்ஸை இணைப்பது இரண்டு நாள் வேலையா?

கேள்வி இதுதான்: "எங்கள் செயலி ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா கட்டமைப்பில் ஓடுகிறது. செய்தி, அறிமுகப் பக்கங்களை மட்டும் வேர்ட்பிரஸ்ஸில் (இணையப் பக்கங்களை எழுதி வெளியிடும் மென்பொருள்) வைத்து இணைக்கச் சொல்கிறார்கள். ஒரு ஏபிஐ கால்தானே (ஒரு செயலி இன்னொன்றை அழைத்துத் தகவல் கேட்பது), இரண்டு நாள் போதும் என்கிறார் டீம் லீட். சரியா?"

அந்த "இரண்டு நாள்" கண்ணில் பட்டதால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். 2018-இல் என்னிடமும் இதையேதான் சொன்னார்கள். உங்கள் லீட் பொய் சொல்லவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் டெமோ ஓடும், எல்லோரும் கைதட்டுவார்கள். எங்களுக்கு அதற்கப்புறம் நான்கு மாதம் பிடித்தது.

உங்கள் நிலைமையை ஊகிக்க முடிகிறது. அணியில் பிஎச்பி (வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழி) தெரிந்தவர் யாரும் இல்லை. எழுதுகிற ஆட்களுக்கு வேர்ட்பிரஸ் பழகிவிட்டது, வேறு எதையும் தொட மாட்டார்கள். எங்களுக்கும் அப்படித்தான். ஒரு பயிற்சி மையம். மாணவர் பதிவு, கட்டணம் எல்லாம் ஸ்பிரிங்கில், பாட விவரப் பக்கங்கள் வேர்ட்பிரஸ்ஸில். 2016 டிசம்பரில் வந்த 4.7 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ்ஸிலேயே ரெஸ்ட் ஏபிஐ இருக்கிறது. அதைக் கூப்பிட்டு, ஜேசன் வடிவத்தில் வருகிற தகவலை, ஸ்பிரிங் பக்கம் பக்கங்களை வரையும் டைம்லீஃப் டெம்ப்ளேட்டில் போட்டால் முடிந்தது என்று நினைத்தேன்.

முதலில் வந்தவை சில்லறைத் தொல்லைகள். 130 பாடங்களில் பத்துதான் தெரிந்தன, ஏனென்றால் கேட்காவிட்டால் அந்த ஏபிஐ பத்துதான் தரும். கேட்டாலும் ஒரு தடவைக்கு நூறுக்கு மேல் தராது. மொத்தம் எத்தனை பக்கம் என்பது பதிலின் ஹெடரில் வரும், அதைப் படித்து லூப் போட வேண்டும். தலைப்பில் 'அண்ட்' குறி இருந்தால் திரையில் அதற்குப் பதில் ஏதோ ஒரு எண் வந்து நின்றது. வேர்ட்பிரஸ் அந்தக் குறியை ஒருமுறை எஸ்கேப் செய்து, அதாவது குறியீடாக மாற்றி, அனுப்புகிறது, டைம்லீஃப் அதன்மேல் இன்னொருமுறை செய்கிறது, அவ்வளவுதான். அப்புறம் ஸ்லைடர். எழுதுகிற அம்மா ஒரு பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) போட்டு அழகாகப் படங்களை ஓடவிட்டிருந்தார். எங்கள் பக்கத்தில் அவை ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசைகட்டி நின்றன. ஏபிஐ எச்டிஎம்எல்லை மட்டும்தான் தரும், பிளகினின் ஜாவாஸ்கிரிப்டும் சிஎஸ்எஸ்ஸும் கூட வராது.

இதெல்லாம் ஒரு வாரத்தில் தீர்ந்துவிட்டது. அடி விழுந்தது வேறு இடத்தில்.

அக்கா மகனுக்கு ஊரில் காதுகுத்து. தாய்மாமன் நான், பையன் என் மடியில். ஆசாரி ஊசியை எடுக்கிற நேரத்தில் போன் அடிக்கத் தொடங்கி நிற்கவே இல்லை. புதிய பருவத்துக்கான பதிவு தொடங்கிய காலை அது. செயலி முழுவதும் படுத்துவிட்டது. பாடப் பக்கங்கள் மட்டுமல்ல, லாகின்கூட வரவில்லை. பையன் ஒரு பக்கம் அலறுகிறான், போனில் மேனேஜர் ஒரு பக்கம்.

காரணம் மத்தியானம்தான் பிடிபட்டது. யாரோ வேர்ட்பிரஸ்ஸில் பிளகின் அப்டேட் போட, அது மூச்சுத்திணறிக் கிடந்திருக்கிறது. மேலே வரும் மெனுவையும் அங்கிருந்தே எடுக்கும்படி நான் எழுதியிருந்தேன். அதாவது எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் வேர்ட்பிரஸ்ஸுக்கு ஒரு கால் போகும். அந்தக் காலைச் செய்யும் ஸ்பிரிங்கின் ரெஸ்ட்டெம்ப்ளேட்டுக்கு நாமாக டைம்அவுட் (காத்திருக்கும் நேரத்துக்கு வரம்பு) வைக்காவிட்டால் பதில் வரும்வரை காத்துக்கொண்டே இருக்கும். செயலிக்குள் இருக்கும் டாம்கேட் சர்வருக்கு இயல்பாக 200 திரெட்தான், அதாவது ஒரே நேரத்தில் 200 கோரிக்கைகளைத்தான் கவனிக்கும். இருநூறும் வராத மெனுவுக்காகக் கியூவில் நின்றன. பணம் கட்ட வந்தவனுக்குக் கதவு திறக்க ஆளில்லை.

"டைம்அவுட் வைக்காதவன் ஜாவா டெவலப்பரா?" என்று கீழே ஒருவர் வருவார், தெரியும். ஐயா, தப்பு என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நிரலை நான்கு பேர் ரிவ்யூ செய்து ஓகே சொல்லியிருந்தார்கள்.

பிறகு செய்தது இது. இரண்டு நொடி டைம்அவுட். ஜேசனைக் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வைத்து, வேர்ட்பிரஸ் பதில் சொல்லாவிட்டால் கடைசியாகக் கிடைத்த பிரதியைக் காட்டுவது. கவனம், ஜேசனை மட்டும் வையுங்கள். முழுப் பக்கத்தையும் கேஷ் செய்தால் படிவத்துக்குள் இருக்கும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கனும் (படிவம் நம் பக்கத்திலிருந்தே வந்தது என்று காட்டும் ரகசிய எண்) சேர்ந்து உறைந்துவிடும். ஒருவருடைய டோக்கன் எல்லோருக்கும் போகும், சமர்ப்பித்தால் 403 (அனுமதி மறுப்பு) வரும்.

கேஷ் வந்ததும் அந்த அம்மா போன் செய்யத் தொடங்கினார். "தம்பி, மாத்திட்டேன், மாறலையே." பத்து நிமிடம் பொறுங்கள் என்றால் யார் கேட்பார்கள்? பதிவைச் சேமித்ததும் வேர்ட்பிரஸ் எங்கள் செயலியைத் தட்டி அந்தப் பக்கத்தின் கேஷை மட்டும் அழிக்கும்படி ஒரு ஹுக் எழுதினோம். எழுதியது பத்துப் பன்னிரண்டு வரி பிஎச்பி, கற்றுக்கொள்ள ஒரு வாரம்.

இதைவிடப் பெரிய குறை பிரிவ்யூ, வெளியிடும் முன் பக்கத்தைப் பார்க்கும் பொத்தான். அவர் அந்தப் பொத்தானை அழுத்தினால் வேர்ட்பிரஸ்ஸின் சொந்தத் தீமில் பக்கம் திறக்கும். அது உலகத்தில் யாருமே பார்க்காத பக்கம். மூன்று மாதமாக வெளியிட்டுப் பார்த்து, திருத்தி, மறுபடி வெளியிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எங்களில் ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை. கடைசியில் பிரிவ்யூ இணைப்பை ஒரு ஃபில்டரால் எங்கள் செயலிக்குத் திருப்பினோம். வரைவை எடுக்க ஏபிஐயில் லாகின் வேண்டும், அப்போது அதற்குத் தனியாக ஒரு பிளகின் போட்டோம். இப்போது உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை, வேர்ட்பிரஸ் 5.6 முதல் அப்ளிகேஷன் பாஸ்வேர்ட் (வெளிச் செயலிகளுக்கான தனிக் கடவுச்சொல்) உள்ளேயே வருகிறது.

வேறு வழியே இல்லையா என்றால் இருக்கிறது. மேக்னோலியா என்ற ஜாவா சிஎம்எஸ்ஸில் (வேர்ட்பிரஸ் போலப் பக்கங்களை நிர்வகிக்கும் மென்பொருள்) பிளாசம் என்றொரு மாட்யூல் உண்டு. ஸ்பிரிங் கண்ட்ரோலரின் (கோரிக்கையைக் கவனிக்கும் நிரல்) தலையில் அனோட்டேஷன் என்ற ஒரு குறிப்பை வைத்தால், எழுதுபவர் அதை டெம்ப்ளேட்டாகவே பக்கத்தில் எடுத்து வைக்கலாம். பக்கத்தைக் காட்டுவது சிஎம்எஸ், உங்கள் நிரல் அதற்குள் குடியிருக்கும். பிரிவ்யூ தானாகவே சரியாக வரும். ஆனால் ஏற்கெனவே வளர்ந்த செயலியை அதற்குள் நுழைப்பது லேசில்லை. வேர்ட்பிரஸ்ஸில் பழகியவரிடம் அதைக் கொடுத்தால் என்ன சொல்வார் என்பதும் உங்களுக்கே தெரியும்.

சம்பந்தமில்லாமல் ஒன்று. அந்த வருட அப்ரைசலில் எனக்கு எழுதியது, "முக்கியமான நாளில் விடுப்பில் இருந்தார்." ஒரு மாதம் முன்பே ஒப்புதல் வாங்கிய விடுப்பு. மொட்டைமாடியில் போன் ஹாட்ஸ்பாட்டில் உட்கார்ந்து நான் சரிசெய்தது எந்த வரியிலும் இல்லை. பந்தி முடிந்து நான் சாப்பிட்டபோது ரசமும் மோரும்தான் மிச்சம்.

சரி, உங்கள் லீடிடம் நாள் கணக்கைப் பற்றிச் சண்டை போடாதீர்கள். "பிரிவ்யூ அழுத்தினால் எங்கே திறக்கும்? வேர்ட்பிரஸ் படுத்தால் லாகின் வருமா?" என்று இரண்டே இரண்டு கேள்வி கேளுங்கள். எத்தனை பேர் எழுதப் போகிறார்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. அதைச் சொன்னால் ஹுக்கை எப்படி எழுதினோம் என்று சேர்க்கிறேன்.