மகள் வரலாறு படிக்க ஆசைப்படுகிறாள், சேர்க்கலாமா?

அம்பாசமுத்திரம் பக்கத்தில் இருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிய என் மகள், பி.ஏ. வரலாறுதான் வேண்டும் என்று நிற்கிறாள். 'ராஜாக்கள் செத்த தேதியை மனப்பாடம் பண்ணவா மூன்று வருஷம்?' என்கிறான் என் தம்பி. பாடத்திட்டத்தைப் பார்த்தால் சட்டம், போர், வட்டாரச் சமூகம் என்று என்னென்னவோ இருக்கிறது. சேர்க்கலாமா? எதில் அவள் கவனம் வைக்க வேண்டும்?"

தாராளமாகச் சேருங்கள். உங்கள் தம்பி சொல்வதையும் நான் தள்ளவில்லை. தேதியை மட்டும் படித்து டிகிரி வாங்கிப் போன பிள்ளைகள் பலருக்கு நானே வகுப்பு எடுத்திருக்கிறேன். ஒரு கல்வெட்டையோ பழைய கடிதத்தையோ தானே வாசித்து, "இதை எழுதியது யார், எதற்காக?" என்று கேட்கும் பழக்கம் அவர்களுக்கு வரவே இல்லை. அந்தப் பழக்கம்தான் இந்தப் படிப்பு. அது வந்துவிட்டால் தேதி தானாக மனதில் நிற்கும்.

சட்டத்தை எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலியில் இருந்து சங்கரன்கோவில் போகும் சாலையில் மானூர் இருக்கிறது. அங்கே அம்பலவாணர் கோயிலில் சுமார் 1200 ஆண்டுக்கு முந்தைய பாண்டியர் கல்வெட்டு ஒன்று உண்டு. பழைய ஊர்ச் சபை, குடத்தில் ஓலை போட்டு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை என்றதும் எல்லோரும் உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொல்வார்கள். மானூர்க் கல்வெட்டு அதற்கும் நூறு வருஷத்துக்கு மேல் மூத்தது. ஊர்ச் சபையில் யார் உட்கார்ந்து பேசலாம் என்று அதில் விதி போட்டிருக்கிறார்கள். நிலப் பங்கு இருந்தால் மட்டும் போதாது, படிப்பும் நல்ல நடத்தையும் வேண்டும். இன்னொரு விதிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. எந்த யோசனை வந்தாலும் "இல்லை, இல்லை" என்று மறித்துக்கொண்டே இருப்பவருக்கும், அவருக்குத் துணை நிற்பவருக்கும் 5 காசு தண்டம்.

இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்து முடிந்ததும் நான் கேட்பேன்: தண்டம் போடும் அளவுக்கு அந்தச் சபையில் என்ன நடந்திருக்கும்? பங்கு இல்லாதவர்கள் எங்கே போய்ப் பேசினார்கள்? பெண்கள்? விதி எழுதப்பட்டிருக்கிறது என்பதாலேயே அது நடைமுறையில் இருந்தது என்று சொல்லிவிட முடியுமா? ஒரே கல்லை வைத்து ஒரு வாரம் பாடம் நடத்தலாம்.

அங்கிருந்து சுமார் 1100 வருஷம் தாண்டி 1908-க்கு வாருங்கள். அதே நெல்லைச் சீமையில் வ.உ.சி. மீது ராஜத்துரோக வழக்கு. வக்கீலான அவரே குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார். இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்படுகிறது. மேல்முறையீட்டில் அது குறைகிறது. அவர் மீது பாய்ந்த 124ஏ பிரிவு, இந்திய தண்டனைச் சட்டத்தில் 1870-இல்தான் சேர்க்கப்பட்டது. ஏன் அப்போது என்று தேடத் தொடங்கினால், அது சட்டத்தின் கதையாகவும் ஆட்சியின் கதையாகவும் விரியும்.

போர் வரலாறு என்றால் பாஞ்சாலங்குறிச்சி இல்லாமல் முடியாது. 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மன் கோட்டையைத் தாக்கினார். அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801-இல் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில் இருந்து தப்பி வந்து மறுபடி கோட்டை எழுப்பினார். அதுவும் வீழ்ந்து தரைமட்டமானது. இன்று சுற்றுலா போகிறவர்கள் படம் எடுத்துக்கொள்ளும் கோட்டை 1974-இல் தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டை. இந்தப் போரைப் பற்றி நமக்குக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளின் கடிதங்களும், நம் ஊர்க் கதைப்பாடல்களும். கடிதத்தில் இருப்பதெல்லாம் உண்மை என்றோ, பாட்டில் இருப்பதெல்லாம் கற்பனை என்றோ எடுத்துக்கொள்ளக் கூடாது. பக்கத்துப் பாளையமான எட்டயபுரம் ஏன் கம்பெனி பக்கம் நின்றது என்பதை இரண்டையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வட்டாரச் சமூகத்துக்கு உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியே போதும். தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம் இருந்தால் அவளிடம் கொடுங்கள். வடக்கே இன்னார் நஞ்சை, தெற்கே வாய்க்கால் என்று நான்கெல்லை எழுதியிருக்கும். யார் விற்றார், ஏன் விற்றார், எழுதத் தெரியாதவர் எங்கே கைநாட்டு வைத்தார், வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சும் பாத்தியம் யாருக்கு என்று அவள் ஒரு தாளில் குறித்து வைக்கட்டும். தாமிரபரணி அணைக்கட்டுகளை நம்பிய நெல் வயல், கோவில்பட்டிக் கரிசல், திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மணல் தேரியும் பனையும் என மூன்று விதமான நிலம் நம்முடையது. மூன்றிலும் சாதியும் கூலியும் கடனும் ஒரே மாதிரி இருந்ததில்லை. இது பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியில் முடிந்துவிடும். உங்கள் பெட்டியில் இருக்கும் காகிதத்தில் முடியாது.

ஆகவே மூன்றில் ஒன்றை இப்போதே பிடிக்க வேண்டாம். முதல் வருஷம் எல்லாவற்றையும் படிக்கட்டும். ஆங்கிலத்தை மட்டும் விடக் கூடாது; கம்பெனிக் காலத்து ஆவணம் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. கல்வெட்டில் ஆசை வந்தால் வட்டெழுத்து என்ற பழைய எழுத்து முறையும் பழகட்டும். நம் பக்கத்துப் பழைய பாண்டியர் கல்வெட்டுகளை வாசிக்க அது தேவை.

வேலை? டிகிரி மட்டும் சோறு போடாது, உள்ளதைச் சொல்கிறேன். பி.எட்., டி.என்.பி.எஸ்.சி., தொல்லியல் என்று வழிகள் உண்டு. சட்டத்தில் மனம் போனால், டிகிரிக்குப் பிறகு மூன்று வருஷச் சட்டப் படிப்பு இருக்கிறது. எந்த வழிக்கும் மேலே ஒரு படிப்போ தேர்வோ வேண்டியிருக்கும்.

கல்லூரியில் சேர்க்கும் முன் துறையில் ஒன்று கேளுங்கள்: மாணவர்களைக் கள ஆய்வுக்குக் கூட்டிப் போகிறீர்களா? தயங்காமல் இடங்களைச் சொல்கிற துறையில் சேருங்கள். அட்மிஷனுக்கு நாள் இருந்தால் அவளை மானூருக்குக் கூட்டிப் போய் வாருங்கள். கல்லில் வெளிச்சம் நேராக விழுந்தால் எழுத்து தெரியாது. கையில் ஒரு டார்ச் இருக்கட்டும், பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்க வேண்டும்.