எண்ணெய், எரிவாயுக் கிணறு உள்ள நிலத்தில் சரளை வெட்ட எப்படித் திட்டமிடுவது?

கிணறு கண்ணுக்குத் தெரியும். அதிலிருந்து போகும் குழாய்கள் தெரியாது. முதல் வேலை அவற்றைக் குறிப்பதுதான். கைவிட்ட பழைய கிணறுகளை இன்னும் கவனமாகத் தேடுங்கள். கிணற்றுத் துளைக்குள் சுவர்போல இறக்கிய இரும்புக் குழாயை, அதாவது உறைக்குழாயை, தரைக்குக் கீழே வெட்டி மண் மூடியிருப்பார்கள். மேலே வெறும் புல்தான் இருக்கும். உறைக்குழாய் இரும்பு என்பதால், காந்தப்புலத்தை அளக்கும் கருவியான காந்தமானி காட்டிக்கொடுக்கும்.

இயங்கும் கிணற்றைச் சுற்றி எவ்வளவு மண்ணைத் தொடாமல் விடுவது? சட்டம் சொல்லும் தூரம் மட்டும் போதாது என்பேன். குழியின் சரிவு, பழுதுபார்க்க வரும் ரிக் (கிணற்றில் குழாய்களை இறக்கி ஏற்றும் பெரிய இயந்திரம்) நிற்கும் இடம், அதற்கான பாதை எல்லாம் அதில் அடங்க வேண்டும். பின்னால் குழியை ஏரியாக்கினால் பாதை இல்லாத கிணறு தீவாகிவிடும்.

ஆயுள் முடியப்போகும் கிணறா? சரி, நிலத்தின் மறுமுனையிலிருந்து கிணற்றை நோக்கி வெட்டி வாருங்கள். ஆயுள் முடிந்ததும் கிணற்றைச் சிமென்ட்டால் அடைத்து, உறைக்குழாயைக் குழியின் அடிமட்டத்துக்கும் கீழே வெட்டியபின் அங்குள்ள சரளையும் கிடைக்கும். மேல்மண்ணை முதலிலேயே தனியாகக் குவியுங்கள். சரளையோடு கலந்தால் அப்புறம் பிரிப்பது பெரும்பாடு.