பனல் வாங்கினீர்கள், திறப்பையும் வாங்கினீர்களா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தொடுதிரைப் பனலைப் பற்றியவை. நெல் மில், ஐஸ் ஆலை, மா அரைக்கும் இடம் என்று வன்னியில் எங்கே போனாலும் பச்சை, சிவப்பு பட்டன் பெட்டி கழன்று கண்ணாடித் திரை ஏறிக்கொண்டிருக்கிறது. தெரியாதவர்களுக்கு இரண்டு வரி: பெட்டிக்குள் இருந்து மோட்டரைப் போடுவதும் வால்வைத் திறப்பதும் பி.எல்.சி. என்கிற சின்னக் கட்டுப்பாட்டுக் கணினி. பனல் வெளியே இருக்கும் கணக்கப்பிள்ளை. நாம் சொல்வதை உள்ளே சொல்லும், உள்ளே நடப்பதை நமக்குக் காட்டும். இரண்டுக்கும் பேச்சுவார்த்தை முறிந்தால்தான் எனக்குக் கடிதம் வருகிறது.

கேள்வி: பரந்தன் பக்கம் நெல் மில் வைத்திருக்கிறேன். உலர்த்தியில் டெல்டா பி.எல்.சி. இருக்கிறது. அதற்கு வேறு கம்பனியின் 7 அங்குலப் பனல் வாங்கிப் பூட்டினோம். திரை வடிவாக எரிகிறது, ஆனால் எண் ஒன்றும் வரவில்லை. 'பி.எல்.சி. நோ ரெஸ்பொன்ஸ்' என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. பி.எல்.சி. பழுது, புதிது எடுங்கள் என்கிறார் பனல் விற்றவர். உலர்த்தி வழமைபோல ஓடுகிறது.

பதில்: உலர்த்தி ஓடுகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். பி.எல்.சி. முழுதாகப் பழுதானால் உலர்த்தி ஓடாது. புதிது வாங்க வேண்டாம்.

பி.எல்.சி.யும் பனலும் பேச, இரண்டிலும் பேச்சு அமைப்பு ஒன்றாக இருக்க வேண்டும். டெல்டாவின் டி.வி.பி. வகை பி.எல்.சி. புதிதாக வரும்போது அது 9600 வேகம், 7 பிட், ஈவன் பரிட்டி, 1 ஸ்டொப் பிட், மொட்பஸ் ஆஸ்கி (மொட்பஸ் என்பது இந்தப் பெட்டிகள் பேசும் பொது மொழி; ஆஸ்கி, ஆர்.டி.யூ. இரண்டும் அதன் இரண்டு வகை), நிலைய இலக்கம் 1 என்று இருக்கும். பல பனல்களில் 8 பிட், பரிட்டி இல்லை, ஆர்.டி.யூ. என்று போட்டிருக்கும். ஒன்று பிசகினாலும் இரண்டும் ஊமை. பனல் நிரலில் இந்த வரிகளைத் திறந்து காட்டும்படி விற்றவரிடம் கேளுங்கள். காட்டத் தெரியாவிட்டால் பி.எல்.சி. பழுது என்று சொல்ல அவருக்கு என்ன தகுதி?

அடுத்தது கேபிள். உங்கள் பி.எல்.சி.யின் முகத்தில் வட்டமான 8 ஊசிச் சொக்கெற் ஒன்று இருக்கும். அது ஆர்.எஸ். 232 (ஆர்.எஸ். இலக்கங்கள் எல்லாம் வயர் வழியாகப் பேசும் வெவ்வேறு முறைகள்). மிற்சுபிசி எப்.எக்ஸ். வகையிலும் அச்சு அசலாக அதே வட்டச் சொக்கெற் உண்டு, ஆனால் அது ஆர்.எஸ். 422. ஒன்றின் கேபிளை மற்றதில் குத்தினால் அழகாகப் போய் உட்காரும், பேசாது. இரண்டு வயரில் ஆர்.எஸ். 485 வழியாகப் போயிருந்தால் அந்த இரண்டையும் மாற்றிப் பூட்டிப் பாருங்கள். ஒரு கம்பனி ஏ என்று எழுதுவதை இன்னொரு கம்பனி பி என்று எழுதும். மாற்றிப் பூட்டியதால் எதுவும் எரியாது.

இதெல்லாம் சரிவந்த பிறகு எண்கள் வந்து, ஆனால் தாறுமாறாக வந்தால், பனலில் டெல்டாவைத் தெரிவுசெய்யாமல் பொதுவான மொட்பஸைத் தெரிவுசெய்திருப்பார்கள். அப்படியென்றால் பி.எல்.சி.யின் டி0 என்ற நினைவக இடத்தை 404097 என்று எழுத வேண்டும். டெல்டாவைத் தெரிவுசெய்தால் டி0 என்றே எழுதலாம்.

எனக்கும் இது நடந்தது. லப்டொப்பைப் பி.எல்.சி.யோடு இணைக்க, மலிவாகக் கிடைத்ததே என்று ஒரு யூ.எஸ்.பி. கேபிள் வாங்கி, மூன்று கிழமையாகப் பி.எல்.சி.யைத் திட்டிக்கொண்டிருந்தேன். லப்டொப்பில் அந்தக் கேபிளுக்குப் பக்கத்தில் மஞ்சள் அடையாளம் போட்டு 'கோட் 10' என்று முதல் நாளே எழுதியிருந்தது. உள்ளே இருந்தது போலிச் சிப். அந்தக் கேபிள் இப்போது எங்கள் வீட்டு உடுப்புக் கொடியில் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கேள்வி: ஒரு மோட்டர், இரண்டு வால்வு. 10 அங்குலத் திரை போடலாமா, 7 போதுமா?

பதில்: 4.3 அங்குலமே தாராளம். மிச்சக் காசுக்கு நல்ல பிரேக்கர் வாங்குங்கள்.

கேள்வி: முல்லைத்தீவில் சிறிய ஐஸ் ஆலை நடத்துகிறோம். பாவித்த மிற்சுபிசி எப்.எக்ஸ்.3யூ பி.எல்.சி.யும் புதுப் பனலும் போட்டு ஒருவர் செய்து தந்தார். முழுக்காசும் கொடுத்துவிட்டோம். இரண்டு மாதம் ஆகிறது. கொம்பிரசர் நிற்கும் வெப்பநிலையை மாற்ற வேண்டும், பனல் பாஸ்வேர்ட் கேட்கிறது. அவர் போன் எடுப்பதில்லை. வேறொருவரைக் கூட்டிவந்தோம். பி.எல்.சி.யும் பூட்டியிருக்கிறதாம். கடன் எடுத்துச் செய்த வேலை ஐயா.

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். பிழை உங்களில் இல்லை. முழுக்காசைக் கொடுத்ததுதான் பிழை என்று ஊர் சொல்லும், சொல்லட்டும். வேலை முடிந்தது என்று ஒருவர் சொன்னால் காசு கொடுப்பதுதான் நம் பழக்கம்.

முதல் அலுவலை இன்றைக்கே செய்யுங்கள். பி.எல்.சி.யின் முகத்தில் 'பற்' (BATT) என்று ஆங்கிலத்தில் எழுதிய சின்ன விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிகிறதா பாருங்கள். எப்.எக்ஸ்.3யூவில், தனியாக நினைவக அட்டை போடாவிட்டால், உள்ளே இருக்கும் நிரலைக் காப்பாற்றுவது ஒரு சின்ன லித்தியம் பற்றரி. பாவித்த பொருளென்றால் அதற்கும் வயது போயிருக்கும். விளக்கு எரிகிற நேரத்தில் ஒரு நீண்ட மின்வெட்டு வந்தால் நிரல் முழுதும் போய்விடும். எரிந்தால் கரண்டை நிறுத்தி வைக்காமல் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுப் பற்றரியை மாற்றுங்கள். பழையதைக் கழற்றிய கையோடு புதியதைப் பூட்ட வேண்டும். இடையில் தேத்தண்ணி குடிக்கப் போகக்கூடாது.

அடுத்தது, பனலில் திறக்கக்கூடிய ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுங்கள். உப்புத் தண்ணீர்த் தொட்டியின் வெப்பநிலை, நேரக்கணக்கு, எச்சரிக்கை எல்லைகள், எல்லாம். பெட்டியைத் திறந்து எந்த இலக்க வயர் எந்தத் துளைக்குப் போகிறது என்பதையும் எடுங்கள். கடைசியில் நிரலைப் புதிதாக எழுதத்தான் வேண்டும் என்று வந்தால், இந்தப் படங்கள் எழுதுபவருக்குப் பல நாள் வேலையை மிச்சம் பிடிக்கும்.

பாஸ்வேர்டை உடைத்துத் தருவதாக இணையத்தில் விற்கும் மென்பொருளை யார் சொன்னாலும் வாங்காதீர்கள். 2022இல் டிராகோஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் அப்படியொன்றைப் பிரித்துப் பார்த்தது. பாஸ்வேர்ட் உண்மையாகவே வந்தது. கூடவே 'சாலிட்டி' என்ற வைரஸும் கணினிக்குள் வந்தது.

முறைப்பாட்டுக்கு வருவோம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. அதோடு நிற்காமல் எழுத்தில் கொடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பொருளை விற்ற அல்லது சேவையைச் செய்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். உங்களுக்கு ஒரு மாதம் மிச்சம் இருக்கிறது. காசு கொடுத்த வங்கிச் சிட்டை, வட்ஸ்அப் உரையாடல், அவர் தந்த விலைக்கூற்று எல்லாவற்றையும் பிரதி எடுத்து இணையுங்கள்.

இனி என் பழைய கோபத்தைக் கொட்ட விடுங்கள். தச்சரிடம் கதவு செய்விக்கிறோம். காசு வாங்கிக்கொண்டு, திறப்பைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு அவர் போனால் விடுவோமா? பனல் வேலையில் மட்டும் விடுகிறோம். திரையில் படம் ஓடுவதைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். பல பனல்களில், உள்ளே இருப்பதை வெளியே எடுத்தாலும் திருத்தக்கூடிய கோப்பாக அது வராது. எழுதியவரின் லப்டொப்பில் இருக்கும் மூலக் கோப்புத்தான் சொத்து. லப்டொப் உடைந்தாலோ, ஆள் வெளிநாடு போனாலோ, உங்கள் ஐந்து லட்சம் சுவரில் மாட்டிய கண்ணாடி.

எழுதுபவர்களும் ஒன்று சொல்கிறார்கள்: 'நான் மண்டையை உடைத்து எழுதியதை அடுத்த மில்காரன் பிரதி எடுத்துவிடுவான்.' அதில் நியாயம் இருக்கிறது. அப்படியென்றால் விலைக்கூற்றிலேயே 'கோப்புத் தரமாட்டேன்' என்று எழுதட்டும், விலையையும் குறைக்கட்டும். ஒளித்து வைத்துவிட்டு, பிறகு ஒரு எண்ணை மாற்ற வவுனியாவிலிருந்து வந்துபோகும் வான் கூலியும் சேர்த்து வாங்குவதற்கு என்ன பெயர்?

இனிமேல் செய்விப்பவர்கள் கடைசிப் பங்குக் காசைக் கையில் வைத்திருங்கள். பி.எல்.சி. கோப்பு, பனல் கோப்பு, இரண்டின் பாஸ்வேர்ட், வயரிங் படம், கேபிளில் எந்த ஊசி எந்த ஊசிக்கு என்ற குறிப்பு, இவ்வளவும் பென் ட்ரைவில் வந்து, அது உங்கள் வீட்டுப் பிள்ளையின் லப்டொப்பில் திறந்த பிறகு கொடுங்கள். பென் ட்ரைவைத் தந்தால் போதாது. ஒருவர் எனக்குத் தந்த பென் ட்ரைவில் திருமண வீடியோ இருந்தது.

கேள்வி: முகநூலில் பார்த்துப் பாவித்த பனல் ஒன்று 35 ஆயிரத்துக்கு எடுத்தேன். வீட்டுக் கரண்டில் கொடுத்தவுடன் 'டப்' என்றது. விற்றவர் காசைத் திருப்பித் தருவாரா?

பதில்: பனலின் பின்பக்கத்தில் 24 வோல்ட் டி.சி. என்று எழுதியிருக்கும். நீங்கள் கொடுத்தது 230. அவர் ஏன் தர வேண்டும்?

கேள்வி: புதுக்குடியிருப்பு. ஊதுவிசிறிக்கு இன்வேர்ட்டர் டிரைவ் (மோட்டரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி) போட்ட நாளிலிருந்து, விசிறி ஓடும்போது மட்டும் பனலில் தொடர்பு அறுகிறது. நிறுத்தினால் வருகிறது. பனல் தரமில்லை, விலை கூடினது எடுக்கச் சொல்கிறார்கள்.

பதில்: விலை கூடினதும் அறுக்கும். பனல் கேபிளையும் மோட்டர் வயரையும் ஒரே குழாய்க்குள் விட்டிருப்பார்கள், போய்ப் பாருங்கள். டிரைவிலிருந்து மோட்டருக்குப் போகும் வயர் ஒரு வானொலி நிலையம் மாதிரி இரைச்சல் போடும். பனல் கேபிளைத் தனிக் குழாயில், ஒரு முழமாவது தள்ளிக் கொண்டுபோங்கள். வலைக்கவசம் உள்ள முறுக்குக் கேபிள் வேண்டும். கவசத்தை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். ஆர்.எஸ். 485 என்றால் வரிசையின் இரண்டு நுனியிலும் 120 ஓம் ரெசிஸ்டர். பெட்டிக்கும் பனலுக்கும் 15 மீற்றருக்கு மேல் இருந்தால் ஆர்.எஸ். 232 கேபிளை நீட்டிக்கொண்டு போகாதீர்கள், 485க்கு மாறுங்கள். அது ஒழுங்காகப் போட்டால் 1200 மீற்றர் வரை போகும்.

கேள்வி: அறிவியல் நகரில் படிக்கிறேன். சீமென்ஸின் எஸ்7-1200 பி.எல்.சி. ஒன்று பழகக் கிடைத்தது. பனல் வாங்கக் காசில்லை. மலிவான பாவித்த சீமென்ஸ் பனல் ஒன்றைப் பார்த்தேன், பெயரின் கடைசியில் டி.பி. என்று இருக்கிறது. எடுக்கட்டுமா அண்ணை?

பதில்: எடுக்காதே தம்பி. கேட்டுவிட்டு வாங்க நினைத்தாயே, அதுவே பெரிய விசயம். டி.பி. என்றால் புரொபிபஸ் என்ற வேறு வகைத் தொடர்பு. உன்னிடம் இருக்கும் 1200இல் இருப்பது ஈதர்நெற் சொக்கெற், அதாவது ஈதர்நெற்றில் ஓடும் புரொபிநெற். இரண்டையும் சேர்க்க இன்னொரு மொடியூல் வேண்டும், அதற்குப் பனல் விலை போய்விடும். இதே மாதிரி, பெயரின் கடைசி எழுத்தைப் பார்க்காமல் கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பக்கம் நான் வாங்கிய ஒன்று இன்னும் அலுமாரிக்கு மேலே இருக்கிறது.

பனலே இல்லாமல் பழகலாம். பனல் செய்யும் வெயின்ரெக் கம்பனியின் ஈசிபில்டர் புரோ மென்பொருள் இலவசம். லப்டொப்பில் திரையை வரைந்து, பி.எல்.சி.யோடு நேரே இணைத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு 10 நிமிடத்துக்கும் நின்றுவிடும், திரும்பத் தொடங்கு. லப்டொப் 192.168.0.5, பி.எல்.சி. 192.168.0.1 என்கிற மாதிரி ஒரே வலையில் இருக்கட்டும். வேற்றுக் கம்பனித் திரையோடு பேச, பி.எல்.சி. அமைப்பில் 'புட்-கெட்' என்ற, வெளியிலிருந்து எண்ணை வாசிக்கவும் எழுதவும் விடும் அனுமதியைக் கொடுக்க வேண்டும். எண்களைச் சேமிக்கும் டேட்டா புளொக்கில் 'ஒப்டிமைஸ்ட்' என்ற குறியை எடுத்துவிட வேண்டும். இந்த இரண்டையும் மறந்துவிட்டுத்தான் முக்கால்வாசிப் பேர் கேபிளைக் குறை சொல்கிறார்கள்.

கேள்வி: விற்றவர் ஒரு வருட உத்தரவாதம் என்று வாயால் சொன்னார். பற்றுச்சீட்டு இல்லை. செல்லுமா?

பதில்: வாய்க்கு முத்திரை கிடையாது. கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது சட்டம். இன்றைக்கே போய்க் கேளுங்கள், உத்தரவாதத்தையும் அதில் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் மில்லில் வேலை செய்யும் அக்காமாருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. பனலில் தமிழ் போடச் சொன்னோம். போட்டுத் தந்தார், கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாக நிற்கிறது. தமிழ் வராது என்கிறார். உண்மையா? (செட்டிகுளம்)

பதில்: வராதது அவருக்கு. சில பனல்கள் தமிழ் எழுத்தைச் சேர்த்துக் காட்டத் தெரியாமல் உடைக்கும், அது உண்மை. ஆனால் 'கொதிகலன் நிறுத்து' என்பதைக் கணினியில் அடித்து, படமாகச் சேமித்து, பட்டனின் மேல் படமாகவே ஒட்டினால் எந்தப் பனலிலும் உடையாது. மாறிவரும் எச்சரிக்கைகளுக்கும் ஒவ்வொன்றுக்கு ஒரு படம் செய்து வைக்கலாம். ஒரு மத்தியான வேலை. அக்காமாரையே பக்கத்தில் இருத்தி, அவர்கள் என்ன சொல்லைப் பாவிக்கிறார்கள் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். 'கொதிகலன்' என்று நான் எழுதினேன், உங்கள் மில்லில் அதை எல்லாரும் 'பொயிலர்' என்றுதான் சொல்வார்கள்.