இத்தாலியக் கடலோரத்தில் கூட்டமில்லாத கடற்கரைகளையும் கடற்குகைகளையும் எப்படிக் கண்டுபிடிப்பது?

நீங்கள் ஆகஸ்டில் பத்து நாள் விடுப்பில் வருகிறீர்கள், தொலைபேசியில் இருபது படங்களைச் சேமித்து வைத்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். முடிந்தால் மாதத்தை மாற்றுங்கள். ஆகஸ்டு 15 விடுமுறையை ஒட்டி இத்தாலியர்களே கடலோரத்தை நிறைத்துவிடுவார்கள். மாதத்தை மாற்ற முடியாதென்றால், படங்களைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வழக்கத்தையாவது மாற்றுங்கள். எந்தக் கடற்கரைக்குப் போவது என்பதை அன்றைய காற்றுதான் முடிவு செய்யும். இதை நான் என் அண்ணனின் முழங்காலைப் பணயம் வைத்துக் கற்றுக்கொண்டேன்.

ஒன்பது ஆண்டுகளாக டூரினில் வசிக்கிறேன். அண்ணனும் அண்ணியும் ஒரு செப்டம்பரில் சென்னையிலிருந்து வந்தபோது, ஊரை நன்றாக அறிந்தவனைப் போல அவர்களைச் சார்டினியா தீவுக்கு அழைத்துச் சென்றேன். அல்கேரோ என்ற துறைமுக நகருக்கு அருகே காப்போ காச்சா என்னும் சுண்ணாம்புக்கல் முனையில் நெப்டியூன் குகை இருக்கிறது. துறைமுகத்திலிருந்து படகிலும் போகலாம். 1954இல் செங்குத்துப் பாறையின் முகத்தில் அமைத்த 654 படிகளில் இறங்கியும் போகலாம். வடமேற்கிலிருந்து மயெஸ்த்ராலே என்ற காற்று இரண்டு நாளாக வீசிக்கொண்டிருந்தது. வானம் தெளிவாக இருந்ததால் நான் யாரையும் எதையும் கேட்கவில்லை. அண்ணன் படிகளை எண்ணியபடியே இறங்கினார். கீழே குகையின் வாயிற்கதவு பூட்டியிருந்தது. அலை வாசல்வரை ஏறி, வெள்ளையாகச் சிதறி, எங்கள் மூக்குக்கண்ணாடிகளில் உப்பாகப் படிந்தது. மேலே ஏறும்போது நானூறாவது படியில் உட்கார்ந்துவிட்ட அண்ணன், "இறங்குறதுக்கு முன்னாடி யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, தம்பி" என்றார். அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அதிகம் உறைத்தது.

அன்று மாலை விடுதி நடத்தும் அம்மையார் அரை நிமிடத்தில் விளக்கிவிட்டார். மயெஸ்த்ராலே வீசும் நாளில் தீவின் கிழக்குக் கரைக்குப் போக வேண்டும். மலைத்தொடர் காற்றைத் தடுத்துவிடும். தென்கிழக்கிலிருந்து சிரோக்கோ வீசினால் மேற்கே வர வேண்டும். இவ்வளவுதான் சூத்திரம்.

மறுநாள் தீவைக் குறுக்காகக் கடந்து, ஓரொசேய் வளைகுடாவின் மேலே இருக்கும் பவுனேய் என்ற ஊருக்குப் போனோம். காலா கோலோரிட்சே என்னும் சிறு கடற்கரைக்குச் சாலை கிடையாது. மோட்டார் படகுகள் கரையை நெருங்கவும் அனுமதி இல்லை. கோல்கோ பீடபூமியிலிருந்து ஏறத்தாழ மூன்றரை கிலோமீட்டர் நடந்து இறங்க வேண்டும். நாளொன்றுக்கு 250 பேருக்குத்தான் இடம் என்பதால் முன்பதிவு அவசியம். எங்களுக்கு அதற்கடுத்த நாளுக்கே கிடைத்தது. கடைசித் திருப்பத்தில் 143 மீட்டர் உயரத்துக்கு ஊசிபோல் நிற்கும் பாறை தெரிந்ததும் அண்ணன் என்னை மன்னித்துவிட்டார் என்று நினைக்கிறேன். 1962இல் ஏற்பட்ட நிலச்சரிவில் உருவான கரை அது. காலடியில் வெள்ளைக் கூழாங்கற்கள், ஓரத்தில் கடல் குடைந்த கல் வளைவு. மார்பளவு நீரில் நின்றால் மேலே இளஞ்சூடாகவும், கணுக்காலருகே நன்னீர் ஊற்று கலப்பதால் சில்லென்றும் இருந்தது. குடிநீர் விற்க அங்கே யாரும் இல்லை. ஆளுக்கு இரண்டு லிட்டராவது சுமந்து செல்லுங்கள். ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

நடக்க முடியாதவர்களுக்கு என்ன வழி என்று யாரேனும் கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன். அதே வளைகுடாவில் காலா கோனோனேயிலிருந்து படகேறிப் புவே மரீனோ குகைக்குச் செல்லலாம். அந்தப் பெயருக்குக் கடல் எருது என்று பொருள். முன்பு அங்கே வாழ்ந்த சீல்களை மீனவர்கள் அப்படித்தான் அழைத்தார்கள். நேப்பிள்ஸ் அருகே உள்ள காப்ரி தீவின் நீலக்குகையை நான் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமுள்ள வாயிலுக்குள் துடுப்புப் படகில் மல்லாந்து படுத்துக்கொண்டு நுழைவது அழகான அனுபவம்தான். ஆனால் நீங்கள் கேட்டது கூட்டமில்லாத இடம், அங்கே படகுகளே வரிசையில் நிற்கும்.

நடந்து போகும் இடங்களையே நான் பரிந்துரைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. வடமேற்குக் கடலோரப் பகுதியான லிகூரியாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடையும் சாய்வு நாற்காலியும் வாடகைக்கு விடும் ஒரு தனியார் குத்தகைக் கடற்கரையின் வழியாகத் தண்ணீருக்கு நடந்த என்னை, கட்டணம் செலுத்தாமல் நுழையக் கூடாது என்று ஓர் ஊழியர் திருப்பி அனுப்பினார். குத்தகைப் பகுதியானாலும் நீர்விளிம்புக்குச் செல்லவும் குளிக்கவும் எவருக்கும் இலவச வழி விட வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் 296ஆம் எண் சட்டம் கூறுகிறது. அங்கே துண்டு விரித்துப் படுக்க எனக்கு உரிமை இல்லை என்பதை நான் அறிவேன். நான் விரிக்கவும் இல்லை. அப்போது என் இத்தாலிய மொழி திக்கியது, பேசாமல் திரும்பிவிட்டேன். இன்று என்றால் சட்டத்தின் எண்ணைச் சொல்லியிருப்பேன்.

கடைசியாக ஒன்று. சார்டினியாவில் மணல், கிளிஞ்சல், கூழாங்கல் எதையும் எடுத்துச் செல்லாதீர்கள்; 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி 500 முதல் 3000 யூரோ வரை அபராதம். கோலோரிட்சேயில் அண்ணி புறா முட்டை அளவில் ஒரு வெள்ளைக் கல்லைக் கைப்பையில் போட்டிருந்தார். பாதி ஏற்றத்தில் அதைக் கண்ட நான் மீண்டும் கீழே இறங்கி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். தொலைபேசியில் பேசும்போதெல்லாம் அண்ணி அந்தக் கல்லைப் பற்றி இன்னும் விசாரிக்கிறார்.