ரன் பொத்தான் இருக்கும்போது பில்டு டூல் எதற்கு?

கேள்வி: நான் கடலூர் புதுப்பாளையத்தில் இருக்கிறேன். நண்பர்கள் மூவர் சேர்ந்து பண்ருட்டி முந்திரி வியாபாரி ஒருவருக்கு ஜாவாவில் பில் போடும் மென்பொருள் எழுதுகிறோம். ஒருவன் புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறான். ஜார் கோப்புகளை (ஜாவா கோடு அடங்கிய தொகுப்புகள்) பென் டிரைவில் கொடுத்து வாங்கிக்கொள்கிறோம். எக்செல் அறிக்கை என் கணினியில் வருகிறது, அவனுடையதில் பிழை காட்டி நின்றுவிடுகிறது. கோடு எழுதும் எக்லிப்ஸ் மென்பொருளில் ரன் பொத்தானை அழுத்தினாலே ஓடும்போது, மேவன் போன்ற பில்டு டூல் (கோடிலிருந்து ஓடும் மென்பொருளை உருவாக்கித் தரும் கருவி) தேவையா?

பதில்: தேவை. ஒருவரே எழுதி ஒருவரே ஓட்டும் சின்னப் பயிற்சி என்றால் வேண்டாம் என்றிருப்பேன். மூன்று கணினிகளில் ஒரே மென்பொருள் என்றால் இனியும் தள்ளிப்போடாதீர்கள்.

ரன் பொத்தானை அழுத்தும்போது எந்த ஜாவா பதிப்பு, எந்தெந்த ஜார், அவை எந்த ஃபோல்டரில் என்பதையெல்லாம் உங்கள் கணினியில் நீங்கள் செய்து வைத்த அமைப்புகளிலிருந்தே எக்லிப்ஸ் எடுத்துக்கொள்கிறது. நண்பரிடம் கோடு போய்ச் சேர்ந்தாலும் அந்த அமைப்புகள் பெரும்பாலும் உங்களிடமே தங்கிவிடும். மேவனோ அவற்றை போம் என்ற எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதி, கோடுடன் சேர்த்தே வைக்கச் சொல்கிறது.

உங்கள் எக்செல் சிக்கலையே பார்ப்போம். எக்செல் கோப்புகளைக் கையாளும் அப்பாச்சி பிஓஐ என்ற ஜாவா நூலகத்தைப் பயன்படுத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வகை எக்செல் கோப்பு எழுத அதன் ஓஓஎக்ஸ்எம்எல் ஜார் வேண்டும். அந்த ஜாருக்கு எக்ஸ்எம்எல்பீன்ஸ், காமன்ஸ் கம்ப்ரெஸ் என்று இன்னும் சில ஜார்கள் வேண்டும். பென் டிரைவில் ஒன்று விட்டுப்போனால் பல சமயம் கம்பைல் (கோடைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றுவது) ஆகிவிடும், அறிக்கை எடுக்கும்போதுதான் நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட் பிழை வரும். எல்லா ஜாரும் இருந்து ஒன்று மட்டும் பழைய பதிப்பாக இருந்தால் நோசச்மெத்தட் பிழை. நண்பர் இந்த இரண்டில் ஒன்றைத்தான் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். மேவனில் பிஓஐயின் பெயரையும் பதிப்பையும் ஐந்து வரியில் எழுதினால் போதும், அதற்கு வேண்டிய மற்றவற்றை மேவன் சென்ட்ரல் என்ற இணையக் களஞ்சியத்திலிருந்து அதுவே இறக்கிக்கொள்ளும். எந்த ஜார் எதை இழுத்து வருகிறது என்று பார்க்க டிபென்டன்சி ட்ரீ என்ற கட்டளை இருக்கிறது, கட்டாயம் ஓட்டிப் பாருங்கள். முதல்முறை இணையம் வேண்டும், நேரமும் எடுக்கும். இறங்கியவை கணினியிலேயே சேமிக்கப்படுவதால் அப்புறம் ஆஃப்லைனிலும் வேலை நடக்கும்.

அடுத்த பலனை நான் இன்னும் பெரிதாக மதிக்கிறேன். எம்விஎன் பேக்கேஜ் என்று கட்டளை கொடுத்தால் கம்பைல், டெஸ்ட் (கோடு சரியாக வேலை செய்கிறதா என்று நீங்கள் எழுதி வைத்த சோதனைகள்), ஜார் உருவாக்கம் வரிசையாக நடக்கும். ஒரு டெஸ்ட் தோற்றாலும் ஜார் உருவாகாது. தள்ளுபடி, வரி, பைசாவை ரவுண்டு செய்வது இவற்றுக்கு இன்றே டெஸ்ட் எழுதுங்கள். தப்பான கணக்கோடு ஒரு பில் வியாபாரியின் கடைக்குப் போகக்கூடாது.

பில்டு குழப்பம் புதிய தலைவலியும் அல்ல. அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆய்வகத்தில் ஸ்டீவ் ஜான்சன் என்ற நிரலாளர் பிழையைத் திருத்திவிட்டு, அந்தக் கோப்பை மறுபடி கம்பைல் செய்யாமலே ஒரு காலை முழுக்கப் பிழை தேடினார். அதைக் கேட்ட ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் எழுதியதுதான் மேக் என்ற பில்டு டூல். மாறிய கோப்புகளையும் அவற்றைச் சார்ந்தவற்றையும் அது தானே கண்டுபிடித்துக் கம்பைல் செய்தது.

கிரேடில் என்ற இன்னொரு பில்டு டூல் பற்றியும் யாராவது சொல்வார்கள். ஆண்ட்ராய்டு செயலி எழுதும்போது அதைக் கற்றுக்கொள்ளலாம். இப்போதைக்கு மேவனே போதும்.

மாறும்போது புதிய மேவன் புராஜெக்ட் ஒன்று தொடங்கி, கோடை எஸ்ஆர்சி, மெயின், ஜாவா ஃபோல்டருக்குள் வையுங்கள். பழைய ஜார்களைக் கொண்டுவராமல் ஒவ்வொன்றாகப் போமில் எழுதுங்கள். ஜாவா பதிப்பையும் அதிலேயே குறியுங்கள். கோடின் மாற்றங்களைச் சேமித்துப் பகிரும் கிட்டுக்குள் போம் போகட்டும், மேவன் உருவாக்கியவை சேரும் டார்கெட் ஃபோல்டர் வேண்டாம்.

புதியவர்கள் தடுக்கும் இடம் ஒன்று உண்டு. பேக்கேஜ் கட்டளை தரும் ஜாரில் வழக்கமாக உங்கள் கோடு மட்டுமே இருக்கும், பிஓஐ இருக்காது. அதை அப்படியே பண்ருட்டிக்குக் கொண்டுபோனால் அங்கேயும் அதே பிழைதான். போமில் ஷேட் பிளகினைச் சேர்த்து, மெயின் கிளாஸ் எது என்றும் குறிப்பிட்டால் எல்லாம் அடங்கிய ஒரே ஜார் கிடைக்கும். ஜாவா மட்டும் இருக்கிற ஒரு கணினியில் அதை ஓட்டி, எக்செல் அறிக்கை ஒன்று எடுத்துப் பார்த்துவிட்டு வியாபாரியிடம் கொடுங்கள்.