மொகல் மேடுகள் எங்கே நன்றாக இருக்கும்? வடகிழக்கு அமெரிக்க ஸ்கீ மலைகள் பற்றிய கேள்வி பதில்

நியூஜெர்சி, நியூயார்க், பாஸ்டன் பக்கம் இருக்கும் நம் ஆட்களில் பலர் எளிய பச்சை, நடுத்தர நீலப் பாதைகளைத் தாண்டி வந்துவிட்டார்கள். அடுத்து மொகல் ஆசை, அதாவது சரிவில் வரிசையாக எழும் பனிமேடுகளில் ஸ்கீ ஓட்டும் ஆசை வந்திருக்கிறது. வந்த கேள்விகளைச் சேர்த்து வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அண்ணா, வரைபடத்தில் கடினம் என்று கறுப்பு வைரக் குறி போட்ட பாதைகளாகத் தேடித் தேடிப் போகிறேன். பாதிக்கு மேல் மெஷின் ஓட்டி வழுவழுவென்று வைத்திருக்கிறார்கள். மொகல் எங்கே இருக்கும் என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது? (எடிசன், நியூஜெர்சி)

வரைபடம் சரிவைத்தான் சொல்லும். நேற்று ராத்திரி பனியைச் சமன்படுத்தும் குரூமர் வண்டி அந்தப் பாதையில் ஏறியதா இல்லையா என்பதைச் சொல்லாது. ஒவ்வொரு மலையும் காலையில் தன் இணையதளத்தில் குரூமிங் பட்டியல் போடும். எல்லோரும் அதில் எது குரூம் ஆகியிருக்கிறது என்று பார்ப்பார்கள். நீங்கள் தலைகீழாகப் பாருங்கள்: திறந்திருக்கிறது, ஆனால் குரூம் செய்யவில்லை என்று எந்தப் பாதை வருகிறது? தொடர்ந்து மூன்று நாள் ஒரே பெயர் அப்படி வந்தால் அங்கே மேடு கட்டியிருக்க நல்ல வாய்ப்பு.

இன்னொன்றும் வேண்டும், ஆள் நடமாட்டம். மொகலைப் பெரும்பாலும் யாரும் கட்டுவதில்லை. நூறு பேர் ஒரே இடத்தில் திரும்பும்போது ஸ்கீ ஒதுக்கித் தள்ளும் பனி குவிந்து மேடாகிறது. அடுத்து வருபவர் அந்த மேட்டைச் சுற்றித்தான் திரும்புவார், பள்ளம் இன்னும் ஆழமாகும். ஆளே போகாத பாதையில் கிடைப்பது கரடுமுரடான பனிதான், மொகல் இல்லை. அதனால் ஆட்களை மேலே ஏற்றும் நாற்காலி லிஃப்டுக்கு நேர் கீழே அல்லது பக்கத்தில் இருக்கும் பாதைகளை முதலில் பாருங்கள். நாற்காலியில் போகும்போதே மேலிருந்து முழுசாகப் பார்த்துவிடலாம். உச்சியில் ஸ்கீ பேட்ரோல் (மலையின் பாதுகாப்புக் குழு) குடிசை இருக்கும். அங்கே உள்ளவர்களிடம் இன்றைக்கு எந்தப் பக்கம் பம்ப் (மொகல் மேடு) நன்றாக இருக்கிறது என்று கேளுங்கள். சந்தோஷமாகச் சொல்வார்கள்.

வெர்மான்ட் மாநிலக் கில்லிங்டன் மலையில் அவுட்டர் லிமிட்ஸ் என்று ஒரு பாதை இருக்கிறதாமே. அதைத்தானே எல்லோரும் சொல்கிறார்கள்? நேராக அங்கே போய்விடலாமா? (ஸ்டாம்ஃபோர்ட், கனெக்டிகட்)

போகலாம், ஆனால் முதல் மொகலாக வேண்டாம். கில்லிங்டனின் பேர் மவுன்டன் பகுதியில் இருக்கும் அந்தப் பாதை செங்குத்து, நீளமும் அதிகம். வசந்த காலத்தில் மொகல் போட்டியே அங்கே நடத்துகிறார்கள். முதல் ஐந்து மேட்டில் தாளம் தவறினால் மீதி முழுக்க நின்று நின்று இறங்க வேண்டியிருக்கும். அதில் என்ன ரசனை?

இதில் எனக்குப் பிடிவாதமான கருத்து ஒன்று உண்டு. புகழ்பெற்ற மொகலைவிட நடுத்தரச் சரிவில், மேடுகள் ஒரே இடைவெளியில் அமைந்த, பெயர் தெரியாத பாதைதான் சுகம். ஒலிம்பிக் மொகல் பாதையே சுமார் 28 டிகிரி சரிவுதான். மேட்டுக்கு மேடு மூன்றரை மீட்டர் அளவில் இடைவெளி இருக்கும். நமக்கு அதைவிடக் குறைந்த சரிவு போதும். பக்கத்து ஊர் மலையில் நீலப் பாதையின் ஓரத்தில் ஒரு பட்டையை மட்டும் குரூம் செய்யாமல் விட்டிருப்பார்கள். பாதி குரூம், பாதி மேடு. பிடிக்கவில்லையா, நான்கு திருப்பத்தில் வெளியே வந்துவிடலாம். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. பெரிய மலைகளிலும் இது உண்டு. மெய்ன் மாநில சண்டே ரிவரில் வைட் ஹீட் என்ற அகலமான பாதையில் ஒரு பக்கத்தை மேடாக விடுவது வழக்கம். ஆனால் அது நல்ல செங்குத்து, பழகின பிறகு போங்கள்.

நியூயார்க் நகரத்திலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டும். வெர்மான்ட் எல்லாம் முடியாது. (ஜெர்சி சிட்டி)

கேட்ஸ்கில்ஸ் மலைப் பக்கம் போங்கள். ஹன்டர் மலையில் கே-27, அனபூர்ணா போன்ற பாதைகள் பெயர் பெற்றவை. 1980-லேயே மலை முழுவதற்கும் செயற்கைப் பனி வசதி செய்த இடம் அது. அதனால் மழை பெய்து கெடுத்தாலும் பாதை திறந்திருக்கும். ஆனால் செயற்கைப் பனி இறுக்கமானது, குளிர்ந்தால் மேடுகள் கல்லாகிவிடும். சனிக்கிழமைக் கூட்டத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் ஓட்டு பிளாட்டெகில் மலைக்கு. உச்சியிலிருந்து அடிவாரம் வரை இறக்கம் 1,100 அடிதான், சாதாரணமாக வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும்தான் திறப்பார்கள். லிஃப்ட் பழசு, கேன்டீன் சின்னது. ஆனால் செங்குத்தான பாதைகளை இழைத்துத் தள்ளாமல் விட்டுவைக்கும் மனசு அந்த மலைக்கு இருக்கிறது. வாரத்தில் நான்கு நாள் மூடியிருப்பதால் வெள்ளிக்கிழமை காலையில் பனி புதிதாக இருக்கும். மேடு கட்டி நன்றாக வருவது சனி மதியத்துக்கு மேல்தான்.

காலை எட்டு மணிக்கே போய் மொகலில் இறங்கினேன். ஒவ்வொரு மேடும் கான்கிரீட். பயந்து போய்விட்டேன். எல்லோரும் எப்படித்தான் இறங்குகிறார்கள்? (நாஷுவா, நியூ ஹாம்ப்ஷயர்)

எல்லோரும் எட்டு மணிக்கு இறங்குவதில்லை, அதுதான் ரகசியம். இந்தப் பக்கத்து மலைகளில் பகலில் உருகி இரவில் உறைவது சகஜம். குரூம் செய்த பாதையில் வண்டி அந்த உறைபனியை உடைத்துத் தூளாக்கிவிடும். மொகலில் அந்த வேலையை வெயில்தான் செய்ய வேண்டும். முதல் இரண்டு மணி நேரம் குரூம் செய்த பாதைகளில் ஓட்டுங்கள். அப்புறம் வெயில் முதலில் விழும் கிழக்கு, தெற்குப் பார்த்த சரிவுகளுக்குப் போங்கள். ஜனவரிக் கடுங்குளிரில் உருகலே இல்லாத வாரமென்றால் இது மாறும். அப்போது வடக்குச் சரிவில் பனி உலர்ந்து மென்மையாக இருக்கும்.

இறங்குவதற்கு முன் மேலே ஒரு நிமிடம் நில்லுங்கள். முதலில் காதைக் கொடுங்கள். முன்னால் போகிறவரின் ஸ்கீ கரகரவென்று சுரண்டினால் காத்திருக்கலாம். சத்தம் அடங்கி உஸ் என்று வந்தால் போகலாம். அப்புறம் மேட்டின் கீழ்ப்பக்கத்தைப் பாருங்கள். எல்லோரும் சுரண்டிச் சுரண்டி முதலில் பளபளப்பது அந்த முகம்தான். அங்கே சாம்பல் நிறத்தில் கண்ணாடி மாதிரி மின்னினால் பனியெல்லாம் போய்விட்டது என்று அர்த்தம். மேட்டின் தலையிலும் அடுத்த மேட்டின் தோளிலும் வெள்ளையாகத் தளர்ந்த பனி கிடக்கும். உங்கள் திருப்பங்களை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

வயது 47. முழங்கால் போய்விடும் என்று வீட்டில் திட்டுகிறார்கள். விட்டுவிட வேண்டியதுதானா?

ஏற்கெனவே வலி இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள், அதில் சமரசம் வேண்டாம். முழங்கால் நன்றாக இருக்கிறது என்றால் கவனிக்க வேண்டியது நீங்கள் போகும் வழியைத்தான். போட்டிக்காரர்கள் பள்ளத்துக்குப் பள்ளம் நேர்க்கோடாகப் பாய்கிறார்கள். நாம் அப்படிப் போக வேண்டியதில்லை. மேட்டின் உச்சியில், ஸ்கீயின் இரு நுனிகளும் காற்றில் இருக்கும் அந்த நொடியில் திருப்பினால் சின்ன அசைவு போதும். திருப்பியதும் மேட்டின் பக்கவாட்டில் மெதுவாகச் சறுக்கி இறங்கி, அடுத்த மேட்டின் மேல்பக்கத்தில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். மேடு வரும்போது முழங்காலை மடக்கி வாங்குங்கள், பள்ளத்தில் நீட்டுங்கள். கைகள் எப்போதும் கண்ணுக்குத் தெரியும்படி முன்னால் இருக்கட்டும். கை பின்னால் போனால் உடம்பும் பின்னால் சாயும், முழங்காலில் பாரம் ஏறுவது அப்போதுதான். களைத்த பிறகு ‘கடைசியா ஒரு ரவுண்ட்’ வேண்டாம்.

பையன் ஸ்னோபோர்ட், நான் ஸ்கீ. வெர்மான்ட்டில் மேட் ரிவர் கிளென் மலை நன்றாக இருக்குமாமே, இருவரும் போகலாமா?

பையனை உள்ளே விட மாட்டார்கள். அங்கே ஸ்னோபோர்டுக்குத் தடை. 1995 முதல் பங்குதாரர்களின் கூட்டுறவு அமைப்புதான் அந்த மலையை நடத்துகிறது, தடையும் தொடர்கிறது. செயற்கைப் பனி குறைவு, குரூமிங்கும் குறைவு. ஒருவர் மட்டும் உட்காரும் பழைய பாணி லிஃப்டை மாற்றாமல் 2007-ல் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். அந்த லிஃப்டுக்குக் கீழேயே சூட் என்ற மொகல் பாதை. விழுந்தால் மேலே போகிறவர்கள் எல்லாம் பார்ப்பார்கள். இயற்கைப் பனி நன்றாக விழுந்த வாரத்தில் தனியாக ஒரு நாள் போய்வாருங்கள். மழை பெய்த வாரத்தில் போய்விட்டு என்னைத் திட்டாதீர்கள். பையனோடு போவதென்றால் கேனன் மலை. நியூ ஹாம்ப்ஷயர் மாநில அரசே நடத்துகிறது. நெடுஞ்சாலையிலிருந்தே தெரியும் ஐந்து சரிவுகளில் ஸூமர் என்பது மொகலுக்குப் பெயர் போனது.

போன வாரம் பார்த்த மேடு இந்த வாரம் இடம் மாறின மாதிரி இருந்தது. பிரமையா?

பிரமை இல்லை. மொகல் மேடுகள் மெதுவாக மலை ஏறுகின்றன! கீழ்ப்பக்கத்துப் பனியைச் சுரண்டி எடுத்து, அடுத்த மேட்டின் மேல்பக்கத்தில் நாம்தான் போடுகிறோம். ஒவ்வொரு மேடும் கீழே தேய்ந்து மேலே வளர்வதால் மொத்த வரிசையும் நாளுக்குச் சில சென்டிமீட்டர் மேல்நோக்கி நகரும். கொலராடோவில் படம் எடுத்துக் கணக்கிட்டே காட்டியிருக்கிறார்கள்.

மகளுக்கு 10 வயது. மொகல் போட்டியில் ஆர்வம். எங்கே சேர்க்கலாம்? (பாஸ்டன்)

நியூ ஹாம்ப்ஷயரின் வாட்டர்வில் வேலி மலையைப் பாருங்கள். ஃப்ரீஸ்டைல் ஸ்கீ போட்டியின் (மொகலும் இதில் சேர்த்தி) ஆரம்ப வரலாறே அந்த மலையோடு சேர்ந்தது, 1971-ல் அங்கே போட்டி நடந்தது. 2010 ஒலிம்பிக் மொகலில் தங்கம் வென்ற ஹன்னா கியர்னி அந்த மலையின் கிளப்பில் பயிற்சி பெற்றவர். மொகல் போட்டி மதிப்பெண்ணில் வேகத்துக்கு 20 சதவீதம், தாவலுக்கு 20 சதவீதம், மீதி 60 திருப்பத்துக்குத்தான். குழந்தைகள் தாவத்தான் ஆசைப்படுவார்கள். திருப்பத்தைச் சொல்லித்தரும் பயிற்சியாளராகப் பார்த்துச் சேர்த்துவிடுங்கள்.

அண்ணை, நாங்கள் மொன்றியல். எல்லை தாண்டத்தான் வேண்டுமா?

எதற்கு? மொகல் உலகின் பெரிய ஆளே உங்கள் ஊர்ப் பக்கம்தான். 2018-ல் ஒலிம்பிக் தங்கம் வாங்கிய மிக்கேல் கிங்ஸ்பரி லாரன்ஷியன் மலைகளில் வளர்ந்த ஸ்கீக்காரர். ட்ரம்ப்ளான்ட் மலையின் வடக்குப் பக்கத்தில் எக்ஸ்போ என்ற பாதையைக் கேட்டுப் போங்கள். பக்கத்தில் இருக்கும் டைனமைட்டை ஒரு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

மொகலுக்கு என்று தனி ஸ்கீ வாங்க வேண்டுமா?

வேண்டாம். இருப்பதில் நடு அகலம் 90 மில்லிமீட்டருக்குள், ரொம்ப விறைப்பில்லாததாக இருந்தால் போதும். அகல ஸ்கீ ஒரு பக்க விளிம்பிலிருந்து மறுபக்கத்துக்கு மாறுவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். காசு செலவழிக்க ஆசையென்றால் பூட்ஸைச் சரியாகப் பொருத்திக்கொள்ளச் செலவழியுங்கள்.

வருஷத்தில் இரண்டு மூன்று நாள்தான் எனக்குக் கிடைக்கும். எப்போது வைத்துக்கொள்ளட்டும்?

மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கம். இரவில் உறைந்து பகலில் வெயில் காயும் வாரமாகப் பாருங்கள். பதினொரு மணிக்கு மேல் மேடுகள் இளகி, மேல்பனி ரவை பதத்துக்கு வரும். விழுந்தாலும் அடி குறைவு. கில்லிங்டனில் சூப்பர்ஸ்டார் பாதையைப் பல வருடங்களில் மே மாதம் வரை திறந்து வைக்கிறார்கள், அந்தச் சமயத்தில் அது மேலிருந்து கீழே வரை மொகல்தான். இரண்டு மணி தாண்டினால் பனி கூழாகி ஸ்கீயைப் பிடித்து இழுக்கும், அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள். மாற்றுக் கையுறை ஒன்று எடுத்துப் போங்கள், அந்த ஈரப்பனியில் முதல் ஜோடி மதியத்துக்குள் நனைந்துவிடும்.