டொண்டோனியா: நிறம், மண்டி, முட்டை

கேள்வி: ஸ்பெயினிலிருந்து வந்த உறவினர் 'வின்யா டொண்டோனியா ரிசர்வா' என்ற சிவப்பு ஒயினில் இரண்டு பாட்டில் தந்தார். ஒன்றைத் திறந்தோம். சிவப்பு வெளிறி, செங்கல் கரைத்த தண்ணீர் போல இருக்கிறது. அடியில் மண்டி வேறு. கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை, அது வயதின் நிறம். ரியோகா வட்டாரத்தில் ஆரோ ஊரில், 1877-இல் தொடங்கி இன்றும் லோபெஸ் தெ எரேதியா குடும்பத்திடமே இருக்கும் ஒயின் நிறுவனம் செய்தது அது. திராட்சையில் முக்கால் பங்கு டெம்ப்ரனியோ. மீதி கர்நாச்சா, கிராசியானோ, மசுவேலோ. ரியோகாவில் லேபிளில் 'ரிசர்வா' என்று போட மூன்று வருடம் முதிர வைத்தால் போதும், அதில் பீப்பாயில் ஒரு வருடம். இவர்களோ பீப்பாயிலேயே ஆறு வருடம் வைக்கிறார்கள். வருடத்துக்கு இரண்டு தடவை தெளிவை மட்டும் இறுத்து வேறு பீப்பாய்க்கு மாற்றுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் காற்றுப் படும். நிறமும் துவர்ப்பும் ஒன்றோடொன்று ஒட்டி, கனத்து, கீழே இறங்கும். வடிகட்டாமல் அடைப்பதால் பாட்டிலுக்குள்ளும் அது தொடர்கிறது. பீப்பாய்கள் பழையவை என்பதால் மர வாசனை தூக்கலாக இருக்காது. காய்ந்த பழம், தோல், புகையிலை வாசனை வந்தால் சரியான பாட்டில். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் தக்கையில் கோளாறு. அதற்கு வைத்தியம் இல்லை, கொட்டிவிடுங்கள்.

கேள்வி: இதில் முட்டை சேர்க்கிறார்களாமே?

பதில்: தெளிய வைக்க வெள்ளைக்கரு சேர்க்கிறார்கள். இந்த முறையில் 225 லிட்டர் பீப்பாய்க்குப் பொதுவாக மூன்று முதல் ஆறு முட்டை. அதிலுள்ள புரதம் கரகரப்பான துவர்ப்பைப் பிடித்துக்கொண்டு அடியில் படியும், மேலே இருப்பதை இறுத்துவிடுவார்கள். அளவு கூடினால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். முட்டையே தொடாதவர்கள் இதைத் தவிர்ப்பதுதான் சரி.

கேள்வி: இரண்டாவது பாட்டிலை எப்படித் திறப்பது?

பதில்: ஒரு நாள் முன்னதாகவே நிமிர்த்தி வையுங்கள், மண்டி அடியில் இறங்கட்டும். குடிக்க 16 முதல் 18 டிகிரி நல்லது. 'அறை வெப்பநிலை' என்பது ஐரோப்பிய அறைக்குச் சொன்னது. நம் வீட்டு 32 டிகிரியில் சாராய நெடிதான் முன்னால் வரும். ஃப்ரிட்ஜில் ஒன்றரை மணி நேரம் நிமிர்ந்தபடியே இருக்கட்டும். பழைய தக்கை திருகாணியில் பிட்டுப் போகும். இரண்டு தகடு உள்ள திறப்பானைப் பக்கவாட்டில் செருகி, சுழற்றி இழுங்கள். பாட்டில் கழுத்துக்குப் பின்னால் டார்ச் வைத்து, ஒரே சீராகக் கண்ணாடிக் குடுவைக்கு ஊற்றுங்கள். கழுத்தில் கருப்பு இழை தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். தக்கைத் துகள் விழுந்தால் மெல்லிய துணியில் வடிகட்டலாம். ஆனால் சோப்புத்தூள் வாசனை உள்ள துணி ஆறு வருட வேலையை ஒரு நிமிடத்தில் கெடுத்துவிடும். வெந்நீரில் அலசி எடுங்கள்.